பிஞ்சுக் காதும் நாற்பது நாள் கணக்கும்

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? நிறம். அடுத்து மூக்கு. பிறகு தலைமுடி. "அப்பனை உரிச்சு வெச்ச மாதிரி இருக்குது" என்பார் ஒருவர். "இன்னாது, அப்பனா? இது அத்தைக்காரி ஜாடை" என்பார் இன்னொருவர். காதையும் பார்ப்பதுண்டு, ஆனால் அதுவும் நிறத்துக்காகத்தான். மடல் நுனி கறுத்திருந்தால் பிள்ளை பிற்பாடு கறுத்துவிடும் என்று எங்கள் ஆம்பூர்ப் பக்கம் இன்றைக்கும் சொல்லுவார்கள். காது எப்படி மடிந்திருக்கிறது, மேல் விளிம்பு சுருண்டிருக்கிறதா, தலையோடு ஒட்டிப் புதைந்திருக்கிறதா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. குளிப்பாட்டுகிற பாட்டி பார்த்தாலும், "எண்ணெய் தொட்டு நீவிவிட்டா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துவிடப் போய்விடுவாள்.

தானாகவே சரியாகிவிடுகிற காதும் உண்டு. ஆகாத காதும் உண்டு. ஆகாததைச் சரிசெய்ய நமக்குக் கிடைக்கிற அவகாசம் சில வாரங்கள்தான். பிள்ளை பெற்றவளை வாசல்படி தாண்ட விடாமல் நாம் வைத்திருக்கிறோமே, அந்த வாரங்களேதான் அவை! அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருஷம் மேல்தோல் தைக்கிற பிரிவில் மெஷினில் உட்கார்ந்தவள். என் வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில், தைத்த தோலை அச்சில் ஏற்றி இழுக்கிற லாஸ்டிங் பிரிவில் இருந்தவர். எங்கள் ஒரே மகளைக் குடியாத்தத்தில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். 2023 மாசி மாதக் கடைசியில் பெண் குழந்தை. சுகப் பிரசவம். மூன்று கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு. பாலும் நன்றாகக் குடித்தது.

வலது காதுதான்... மேல் பாதி அப்படியே மடங்கிக் கீழே விழுந்திருந்தது. படிக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்காகப் பக்கத்தின் முனையை மடித்து வைப்போமே, அந்த மாதிரி. விரலால் தூக்கினால் நிமிரும். விரலை எடுத்தால் மறுபடி விழும். பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டோம். "வளர வளரச் சரியாயிடும்மா" என்று சொல்லிவிட்டார்கள். என் மாமியார், 78 வயது, எத்தனையோ பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய கை, அன்றைக்கே விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதுவரை ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சம்பந்தியம்மா பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷிதான். குழந்தையை மடியில் வாங்கினார்கள், காதைப் பார்த்தார்கள், என் மகளைப் பார்த்தார்கள். "தீபாவளிக்கு மறுநாள் கிரகணத்தப்போ வெளியே வந்தியாமா?" என்றார்கள். 2022-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி, தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம் பிடித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இவள் ஐந்து மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி என் மகள் அழுத அழுகையை என்னவென்று சொல்வது! "நான்தாம்மா எம்பொண்ணு காதை மடிச்சிட்டேன்" என்று தேம்பினாள். பச்சை உடம்புக்காரி. அழுதால் பால் வற்றிவிடும் என்று நான் மிரட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை.

இந்த ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறவியில் வருகிற காது மடிப்புக்கும் கிரகணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கத்தி பிடித்ததற்கும் இல்லை, பழம் நறுக்கியதற்கும் இல்லை. கருவில் காது மடல், தாய்க்கே சரியாகத் தெரியாத ஐந்தாவது ஆறாவது வாரத்திலேயே சின்னச் சின்ன மேடுகளாக முளைக்க ஆரம்பித்துவிடுகிறது. பிறகு அந்த மேடுகள் ஒன்று சேர்ந்து மடலாகிறது. நன்றாக உருவான மடல்கூட, இடம் பற்றாத கருப்பையில் தலையோ தோளோ அழுத்தினால் மடங்கிப்போகலாம். காதை இழுத்துப் பிடிக்கிற சின்னத் தசைகள் சரியாக அமையாமல் போனாலும் மடங்கலாம். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். இதில் பெற்றவள் செய்தது என்று ஒன்றுமே இல்லை.

வேலூரில் நர்ஸாக இருக்கிற என் தங்கை மகளுக்கு மறுநாள் காலையில் போன் செய்தேன். வீடியோவில் குழந்தையின் காதைக் காட்டச் சொன்னாள். "பெரியம்மா, இதை இந்த வாரத்துக்குள்ள பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷனா, இந்தப் பூவுக்கா? "ஆபரேஷன் கெடையாது பெரியம்மா, அது வேண்டாம்னுதான் இப்பவே வரச் சொல்றேன். காது இப்போ மெழுகு மாதிரி இருக்கு. வளைச்சு வெச்சா நிக்கும்" என்றாள். தீட்டு கழியட்டும், நாற்பது நாள் ஆகட்டும் என்று நான் இழுத்தேன். "நாற்பது நாள் கழிச்சு வர்றதுக்கு வராமலே இருந்துடலாம்" என்று பட்டென்று சொன்னாள்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. பதினாறு கழியாமல் பச்சைப் பிள்ளையை எடுத்துக்கொண்டு 50 கிலோமீட்டர் வேலூருக்குப் போவதா? காற்று, கறுப்பு, கண்ணேறு என்று மாமியார் அடுக்கினார். சம்பந்தியம்மா போனில், "பொண்ணுக்கு முடி வளர்ந்தா காது மூடிக்கும்" என்றார்கள். மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. பாவம்!

அடுத்த வீட்டு ஆபா சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டிலும் நாற்பது நாள் கணக்கு உண்டு. எங்களைவிடக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அவரே சொன்னார்: "நாற்பது நாள் வீட்ல இருக்கச் சொன்னது தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும்னுதானே? பிள்ளைக்கு ஜுரம்னா நாற்பது நாள் பார்த்துக்கினு உட்காருவீங்களா?" என் மாமியாருக்கு ஆபா பேச்சில் எப்போதும் மதிப்பு உண்டு. வாயைத் திறக்கவில்லை.

முடித்து வைத்தது என் வீட்டுக்காரர். அதிகம் பேசுகிறவர் இல்லை. "தோல் பதமா இருக்கும்போதே லாஸ்ட்ல ஏத்தணும். காஞ்சப்புறம் இழுத்தா சுருக்கம் விழும், இல்லே கிழியும்" என்றார். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மேல்தோலை முதலில் ஆவி காட்டி இளக்குவார்கள். இளகின தோலைக் கால் வடிவத்தில் இருக்கிற லாஸ்ட் மேல் இழுத்துப் பிடிப்பார்கள். பிறகு சூடு, பிறகு குளிர்ச்சி. வடிவம் நிலைக்கிற வரைக்கும் அச்சிலேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் வளைவு தளர்ந்துபோகும். அவர் அத்தனை வருஷம் செய்த வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாடகைக் காருக்குச் சொல்லப் போய்விட்டார்.

எட்டாம் நாள் காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். வேலூருக்குள் நுழையும்போது எனக்கு ஐடா ஸ்கடர் அம்மையார் ஞாபகம்தான் வந்தது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ வேதனைக்கு உதவி கேட்டு வந்ததும், ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்று அந்த மூன்று பெண்களையும் சாக விட்டதும், அதைப் பார்த்த அந்த இளம் பெண் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் வேலூரில் வைத்தியம் ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்ட கதை. அதில்தான் சி.எம்.சி. பிறந்தது. உயிர் போகிற அந்தக் காரியத்துக்கும் எங்கள் பேத்தியின் காதுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் வாசல்படியில் நின்ற கேள்வி ஒன்றுதானே என்று தோன்றியது.

நாங்கள் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுதான். பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காது மடலுக்குள்ளே இருப்பது எலும்பு இல்லை, குருத்தெலும்பு. பிரசவ நேரத்தில் தாயின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு மிக அதிகமாக இருக்கிறது. அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அதன் காரணமாகக் குருத்தெலும்பில் ஹயலூரானிக் அமிலம் என்கிற பொருள் அதிகமாகி, மடல் வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கிறது. பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் இந்தச் சுரப்பு உச்சத்தில் இருக்கும். ஆறு வாரத்துக்குள் சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். அது இறங்க இறங்கக் காது விறைக்கிறது. ஆறு வாரம் என்றால் 42 நாள். நம்முடைய நாற்பது நாள் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

இந்த வைத்தியத்தை மருத்துவ உலகம் கவனிக்கும்படி எழுதியவர்களில் முக்கியமானவர் ஜப்பானைச் சேர்ந்த மாட்சுவோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன். 1984-ல் அவரும் அவரோடு இருந்தவர்களும், பிறந்த சில நாட்களிலேயே காதைப் பிடித்து நிறுத்திக் கட்டினால் கத்தி வைக்காமலே வடிவம் வருகிறது என்று எழுதினார்கள். பிறகு அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து டாக்டர் பேர்ட் என்பவர், காதின் மேல் தொட்டில் போல ஒட்டுகிற ஒரு பிளாஸ்டிக் கருவியைச் செய்து 2010-ல் அதன் பலனை வெளியிட்டார். வடிவம் மாறிப் பிறக்கும் காதுகளில் சுமார் 30 சதவீதம்தான் தானாகச் சரியாகிறது என்பது அவர்கள் கண்டது. அதுவும் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. சீக்கிரம் ஆரம்பித்த குழந்தைகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆகவே "வளர வளரச் சரியாகிவிடும்" என்பது சில குழந்தைகளுக்கு உண்மை. எந்தக் குழந்தைக்கு என்று முதல் வாரம் பார்த்தால் தெரியும். வருஷக் கணக்கில் பார்த்திருக்கத் தேவையில்லை.

எங்கள் குழந்தைக்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் போடவில்லை. மெல்லிய, வளைகிற கம்பி ஒன்றை மிருதுவான சிறு குழாய்க்குள் செருகி, சரியான காதில் இருக்கிற வளைவைப் பார்த்துப் பார்த்து அதே போல் வளைத்தார்கள். அதைக் காதின் மேல் மடிப்புக்குள் பதித்து, தையலுக்குப் பதிலாக ஒட்டுகிற மெல்லிய காகிதப் பட்டைகளால் ஒட்டினார்கள். காதுக்குப் பின்னாலும் ஒரு சின்ன அணை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை. குழந்தை பாதி நேரம் பால் குடித்துக்கொண்டே இருந்தது. மீதி நேரம் தூங்கிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் தகராறு. பட்டை ஒட்டுவதற்காகக் காதைச் சுற்றி இரண்டு விரற்கடை முடியை மழிக்க வேண்டுமாம். முதல் முடி குலதெய்வத்துக்கல்லவா? என் மகள் என்னைப் பார்க்கிறாள், நான் அவரைப் பார்க்கிறேன். சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த முடியைக் கீழே போடாம மஞ்சள் துணியில முடிஞ்சு கொண்டாங்க. மொட்டை போடும்போது சேர்த்துக் குடுத்துடலாம்" என்றார்கள். அந்த நர்ஸம்மா ஒரு இழைகூட விழாமல் காகிதத்தில் பொதிந்து கொடுத்தார். அன்றிலிருந்து சம்பந்தியம்மா எங்கள் கட்சி!

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. தலைக்கு எண்ணெய் கூடாது. எண்ணெய் பட்டால் பட்டை வழுக்கி விட்டுவிடும். பிள்ளை பிறந்தும் தலைக்கு எண்ணெய் வைக்காத வீடா என்று என் மாமியார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு மட்டும் குளியல். தலையை ஈரத் துணியால் துடைத்தோம். வேலூர், ஆம்பூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியிலேயே தோலை உரிக்கும். வியர்த்தால் பட்டைக்கு அடியில் தோல் ஊறிப் புண்ணாகும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஆகவே பகலில் குழந்தையைக் காற்றோட்டமான நடு அறையில் போட்டோம். தினமும் காலை, மாலை வெளிச்சத்தில் காதைப் பார்ப்போம். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, நாற்றம் வருகிறதா, ஏதாவது கசிகிறதா? வாரத்துக்கு ஒரு முறை வேலூர். பழையதை எடுத்து, தோலைச் சுத்தம் செய்து, வளைவைத் திருத்திப் புதிதாக ஒட்டுவார்கள்.

மூன்றாவது வாரம் காதுக்குப் பின்னால் மிளகளவு சிவப்பு. உடனே போன் செய்தோம். வரச் சொல்லி, எடுத்துவிட்டு, ஒன்றரை நாள் வெறுமனே விட்டு, ஆறிய பிறகு மறுபடி கட்டினார்கள். அப்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார்: "நாம அழுத்தி இந்தக் காதை வளைக்கலைம்மா. வளைஞ்ச இடத்துல சும்மா நிக்க வெக்கிறோம். அழுத்தினா ரத்த ஓட்டம் நின்னு தோல் செத்துடும்." எனக்குச் சட்டென்று பால் பிராண்ட் ஞாபகம் வந்தது. 1946-ல் வேலூருக்கு வந்து குஷ்டரோகிகளின் மடங்கிய கைவிரல்களை ஆபரேஷனால் நிமிர்த்திய டாக்டர். உணர்ச்சி மரத்த பாதத்தில் தொடர்ந்து ஒரே இடத்தில் விழும் அழுத்தம்தான் புண்ணை உண்டாக்குகிறது என்று எடுத்துச் சொல்லி, அவர்களுக்காக மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்புகளைச் செய்ய வைத்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் செருப்புத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரியும். மரத்த கால் "வலிக்கிறது" என்று சொல்லாது. கைக்குழந்தையும் சொல்லாது; அழும், அவ்வளவுதான். எதற்கு அழுகிறது என்று பார்ப்பது நம் வேலை.

இதற்காகவே சொல்கிறேன், சகோதரிகளே, இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கம்பியை வளைத்து மருந்துக்கடை பிளாஸ்திரி போட்டு ஒட்டுவது, பசை தடவுவது, துணியால் தலையை இறுக்கிக் கட்டுவது எல்லாம் ஆபத்து. தினம் பத்து நிமிஷம் எண்ணெய் போட்டு நீவுவதாலும் பிரயோஜனம் இல்லை. விட்டவுடன் காது பழைய இடத்துக்குப் போய்விடுகிறதே! ராப்பகலாக ஒரே நிலையில் நிற்பதுதான் வேலை செய்கிறது. நம் பாட்டிமார் பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோளைத் தொடுகிற மாதிரி காது வளர்த்தார்களே என்று கேட்கலாம். அதுவும் விடாமல் இழுத்த பாரத்தால் வந்ததுதான். ஆனால் அவர்கள் வளர்த்தது கீழ் மடல். அங்கே குருத்தெலும்பே கிடையாது, வெறும் சதை. அதனால் எந்த வயசிலும் நீளும். மேல் காது அப்படியில்லை.

ஐந்து வாரம் கட்டு இருந்தது. அதன் பிறகு கடைசியாக எடுத்தார்கள். காது நிமிர்ந்து நின்றது. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், இடது காது போல அச்சு அசலாக இல்லை. மேல் விளிம்பில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. தெரிந்தவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். டாக்டரம்மாவும் முதல் நாளே, "நல்லா வரும், கண்ணாடி பிம்பம் மாதிரி வரும்னு சொல்ல மாட்டேன்" என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. என் மாமியார் அன்று சாயங்காலமே கிண்ணம் நிறைய எண்ணெய் காய்ச்சி, ஐந்து வாரத்துக் கணக்கையும் ஒரே நாளில் தீர்த்தார்.

எல்லாக் காதுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. இதைத் தாய்மார்கள் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மடல் முழுதாக இருந்து வடிவம் மட்டும் மாறியிருந்தால்தான் இது. எங்கள் குழந்தை மாதிரி மேல் பாதி மடங்கியது, கிண்ணம் போலக் குவிந்தது, முயல் காது போல வெளியே தள்ளியது, நுனி கூராக நிற்பது, மேல் பகுதி தலைத் தோலுக்குள் புதைந்தது இவையெல்லாம் அந்த வகை. விரலால் மெதுவாகப் பிடித்தால் சரியான வடிவத்துக்கு வருகிற காது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மடலே உருவாகாமல் சின்னக் கட்டியாக இருப்பதும் உண்டு. அதைக் கட்டி நிமிர்த்த முடியாது. பிள்ளை ஆறு வயசுக்கு மேல் வளர்ந்த பிறகு விலா எலும்பின் குருத்தை எடுத்துக் காது செய்கிற ஆபரேஷன்தான் அதற்கு. ஆனால் அதற்காக ஆறு வயசு வரை டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் காதுத் துவாரமும் அடைபட்டிருக்கலாம், கேட்கும் திறன் குறைவாக இருக்கலாம். காது கேட்கிறதா என்ற சோதனை முதல் மாதத்திலேயே நடக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்குப் பேச்சு வராது. அழகைவிட அது பெரிய விஷயம். மடங்கிய காதுக்குக் கேட்பதில் பெரும்பாலும் குறை இருக்காது. இருந்தாலும் எங்கள் குழந்தைக்கும் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். தூங்குகிற பிள்ளையின் காதில் சின்ன மூடியை வைத்து இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

2013-லிருந்து அரசாங்கத்தின் தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் பிறவிக் குறைகளைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். பிளவு உதடு, உள்ளே வளைந்த பாதம், பிறவிச் செவிடு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. காது மடலின் வடிவம் அதில் இல்லை. அதனால் யாராவது சொல்வார்கள் என்று நாம் காத்திருக்க முடியாது. பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் இரண்டு காதையும் முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பாருங்கள். தூங்கும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் ஒரு வாரம் கழித்து ஒத்துப் பார்க்கலாம். ஏழு நாளில் மாறாமல் அப்படியே இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பிரசவம் பார்த்த டாக்டரிடமே சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்குள் போய்விட்டால் நல்லது. வளைந்த பாதத்துக்கும் இப்படித்தான். பொன்செட்டி என்ற டாக்டரின் முறைப்படி முதல் வாரங்களிலிருந்தே வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் பாதத்தை நேராக்குகிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

எங்கள் தெருவில், என்னோடு மெஷினில் உட்கார்ந்த பெண்ணின் மகனுக்கும் இதே காது. இரண்டு காதும். அவன் எங்கள் பேத்திக்கு ஒரு வருஷம் மூத்தவன். எங்கள் குழந்தையின் கட்டைப் பார்த்துவிட்டு, "என் பையனுக்கும் போடுவாங்களா?" என்று அவள் கேட்டாள். அடுத்த தடவை அவனையும் கூட்டிக்கொண்டே போனோம். டாக்டரம்மா காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குருத்து இறுகிவிட்டது, இனி கட்டினால் நிற்காது என்றார். ஐந்து ஆறு வயசில் காது ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடும். அப்போது வேண்டுமானால் ஆபரேஷன் செய்யலாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்து அவனுக்கே வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், தோன்றாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பையன் காது நன்றாகக் கேட்கிறது. பேச்சு வாய் மூடாது. அவன் அம்மா இப்போது அவனுக்குக் கிருதா வரைக்கும் முடி விட்டு வளர்க்கிறாள். தெருவில் புதிதாகப் பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் முதல் ஆளாகப் போய்க் காதைத் திருப்பிப் பார்க்கிறவள் அவள்தான்.